ஹாலிஃபாக்ஸ் முதல் வான்கூவர் வரை: மருந்தாளுநர் சிகிச்சையும் பொதுக் காப்பீடும்

கனடாவில் உடம்புக்கு முடியாத ஒருவர் மருத்துவரைத் தேடிப் போகாமல் மருந்துக்கடைக்குள் நுழைந்து, அங்குள்ள மருந்தாளுநரிடமே நோயைச் சொல்லி மருந்தும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சிகிச்சைக்கான கட்டணத்தை அரசின் பொதுக் காப்பீடு தருமா, நோயாளியே தன் பையிலிருந்து தர வேண்டுமா என்பது அவர் எந்த மாகாணத்தில் நிற்கிறார், என்ன நோயோடு நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸில் ரயிலேறி, மான்ட்ரியாலிலும் டொராண்டோவிலும் வண்டி மாறி, மேற்குக் கரையில் வான்கூவரில் இறங்கும் பயணி எட்டு மாகாணங்களைக் கடக்கிறார். தண்டவாளத்தின் அகலம் எட்டிலும் ஒன்றுதான். மருந்தாளுநர் எந்த நோய்க்கு மருந்து எழுதலாம், எழுதினால் யார் பணம் தருவது என்ற விதி மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை குடும்ப மருத்துவர் பற்றாக்குறையில் இருக்கிறது. கனடாவின் மருத்துவ அமைப்பில் குடும்ப மருத்துவர்தான் வாசல். சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும், வழக்கமான மாத்திரைகளைப் புதுப்பிக்கவும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலே இல்லாத பெரியவர்கள் நாடு முழுதும் 65 லட்சத்துக்கு மேல் என்று 2022இல் நடந்த அவர்கேர் ஆய்வு கண்டது. அப்படிப்பட்டவர்கள் கண் சிவந்தாலும் முன்பதிவு தேவையில்லாத கிளினிக்குக்கோ, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோதான் போயாக வேண்டும். அவசரப் பிரிவில் மாரடைப்புக்காரரும் கண் சிவந்தவரும் ஒரே கூடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தெருமுனை மருந்துக்கடையோ மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கிறது. உள்ளே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மருந்தியல் படித்த ஒருவர், பெரும்பாலான நேரம் மாத்திரை சரிபார்ப்பதிலேயே தன் படிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். மாகாண அரசுகளின் கண் அந்தக் கவுண்டர் பக்கம் திரும்பியது இயல்பு.

ஹாலிஃபாக்ஸ் நோவா ஸ்கோஷியாவின் தலைநகரம். மாகாணத்தின் மக்கள் தொகை பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். 2024 நடுவில் அதில் 1.6 லட்சம் பேருக்கு மேல் குடும்ப மருத்துவர் வேண்டிப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். இங்கே சிறு நோய்களுக்கு மருந்து எழுதும் உரிமை மருந்தாளுநர்களுக்கு 2011இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆலோசனைக்கான கட்டணத்தை நோயாளியே கொடுக்க வேண்டியிருந்தது. அதே நோய்க்கு மருத்துவரிடம் போனால் ஒரு காசு செலவில்லை. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது: கையில் பணமும் நேரக் குறைவும் உள்ளவர் மருந்துக்கடைக்குப் போனார், மற்றவர் வரிசையில் நின்றார். உரிமையை மட்டும் கொடுத்துவிட்டுக் காப்பீட்டைக் கொடுக்காமல் விட்டால், பொது மருத்துவத்துக்குள்ளேயே ஒரு கட்டண வரிசை உருவாகிவிடுகிறது. சட்டம் தந்த அதிகாரம் ஏழைக்குப் போய்ச் சேருவது கட்டணத்தை அரசு ஏற்ற பிறகுதான். இந்தப் பாதை நெடுகிலும் மாகாணத்துக்கு மாகாணம் திரும்பத் திரும்பத் தெரிவது இதுவே.

நோவா ஸ்கோஷியா 2020இல் மூன்று சேவைகளின் கட்டணத்தை ஏற்றது: சிறுநீர்ப்பாதைத் தொற்று, அக்கி, கருத்தடை ஆலோசனை. பெரிய மாற்றம் 2023 பிப்ரவரியில் வந்தது. மாகாணத்தின் பல பகுதிகளில் 12 மருந்துக்கடைகளுக்குள்ளேயே முதல்நிலைச் சிகிச்சை மையங்களை அரசு பணம் கொடுத்துத் திறந்தது. பின்னர் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஷாம்பு, வாழ்த்து அட்டை, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அடுக்கிய சாதாரணக் கடைதான். பின்பக்கத்தில் கதவு வைத்த சிறு அறை. உள்ளே ரத்த அழுத்தக் கருவி, நாற்காலிகள், கணினி. தொண்டை வலி என்று வரும் குழந்தைக்கு மருந்தாளுநர் தொண்டையின் பின்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து அங்கேயே பரிசோதிக்கிறார். சில நிமிடங்களில் முடிவு தெரிகிறது. ஸ்ட்ரெப் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக். இல்லாவிட்டால் வெந்நீரும் ஓய்வும், எப்போது மறுபடி வர வேண்டும் என்ற எச்சரிக்கையும். சர்க்கரை நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களையும் இம்மையங்கள் கவனிக்கின்றன. முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வரும் ஏற்பாடு என்பதால், போன் மணிக்கும் கவுண்டர் வரிசைக்கும் நடுவே அரைகுறையாகக் கேட்டு அனுப்பும் நிலை இல்லை. இந்தத் திட்டத்தின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது. அரசு ஒரு ஆலோசனைக்கு மட்டும் விலை போடாமல், நோயாளியோடு உட்கார்ந்து பேசும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறது.

ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்படும் 'ஓஷன்' ரயில் நியூ பிரன்ஸ்விக்கின் காடுகளையும் ஆற்று முகங்களையும் கடந்து இரவோடு இரவாகக் கியூபெக் நோக்கிப் போகிறது. வண்டி கடக்கும் இந்த மாகாணத்தில்தான் மருந்தாளுநர் சிகிச்சைக்கு ஆதாரமான முக்கிய ஆய்வுகளில் ஒன்று நடந்தது. 39 மருந்துக்கடைகளில் சிறுநீர்ப்பாதைத் தொற்றோடு வந்த 750 பேரை மருந்தாளுநர்களே கவனித்தார்கள். சிலருக்குத் தாங்களே மருந்து எழுதினார்கள். மருத்துவர் எழுதிய சீட்டோடு வந்தவர்களுக்கு அந்த மருந்து சரியா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றினார்கள். 2018இல் வெளியான முடிவின்படி குணமடைந்தவர்கள் 88.9 சதவீதம். இந்தத் தொற்று உயிரைக் கொல்லும் நோய் இல்லை என்றாலும் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் திங்கள்வரை உட்கார முடியாது, தூங்க முடியாது. அந்த மூன்று நாள் வேதனையைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் பெண்களுக்குச் செய்யும் பெரிய உதவி. கனடாவில் பல மாகாணங்கள் முதலில் காப்பீடு கொடுத்த நோய்களில் இது ஒன்றாக இருப்பதும் பொருத்தமே.

மாங்டனில் இறங்கிச் சாலை வழியே போனால் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. 1997இல் திறந்த 12.9 கிலோமீட்டர் நீளக் கான்ஃபெடரேஷன் பாலம் தீவை நிலத்தோடு இணைக்கிறது. நாட்டின் மிகச் சிறிய மாகாணமான இது 2022 அக்டோபரில் 'ஃபார்மசி பிளஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முப்பதுக்கு மேற்பட்ட சாதாரண நோய்களுக்கான மருந்தாளுநர் ஆலோசனையையும் மாத்திரைச் சீட்டுப் புதுப்பித்தலையும் குடிமக்களுக்கு ஒரே வீச்சில் இலவசமாக்கியது. மூன்று நோயில் தொடங்கி ஆண்டுக்கொன்றாகச் சேர்க்கும் தயக்கம் இங்கே இல்லை. நோய்ப் பட்டியலைத் துண்டு துண்டாக விரித்தால் எந்த நோய்க்கு இலவசம், எதற்குப் பணம் என்று நோயாளிக்கும் புரியாது, கடைக்காரருக்கும் நினைவிருக்காது. தீவின் வழி மற்ற மாகாணங்கள் பார்த்துக் கற்க வேண்டியது.

கியூபெக்கில் நிலைமை வேறு. இங்கே மருந்துக்கடையின் உரிமையாளர் மருந்தாளுநராகத்தான் இருக்க முடியும் என்பது சட்டம். மருந்துக்கும் இங்கே காப்பீடு கட்டாயம். 1997 முதல் ஒவ்வொருவரும் வேலை வழியாகக் கிடைக்கும் தனியார் மருந்துக் காப்பீட்டிலோ அரசின் மருந்துக் காப்பீட்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும், மருந்தாளுநருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 41ஆம் எண் சட்டம் 2011 டிசம்பரில் நிறைவேறி, 2015 ஜூன் மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. 2013 செப்டம்பரில் தொடங்குவதாக நாள் குறித்தும் தள்ளிப்போனது. காரணம், புதிய பணிகளுக்கு யார் எவ்வளவு தருவது என்பதில் அரசுக்கும் மருந்தாளுநர்களுக்கும் உடன்பாடு வரவில்லை. சட்டசபை ஒப்புக்கொண்ட ஒரு சிகிச்சை, கட்டணப் பேச்சுவார்த்தை மேசையில் மூன்றரை ஆண்டு கிடந்தது. அந்த மூன்றரை ஆண்டும் நோயாளிகளுக்கு நட்டம். அதற்குப் பிறகு வந்த 31ஆம் எண் சட்டம் 2021 ஜனவரியில் அமலாகி அதிகாரத்தை மேலும் விரித்தது. 2024இன் இறுதியில் அதே திசையில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது.

மான்ட்ரியாலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒட்டாவா. நாடாளுமன்றம் இருக்கும் இந்த நகரத்தில்தான் முழுக் கதையின் முடிச்சு விழுந்தது. 1984இல், மோனிக் பெகின் சுகாதார அமைச்சராக இருந்தபோது, கனடா சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. மாகாணக் காப்பீடு எதை ஏற்க வேண்டும் என்று அது வரையறுத்தது: மருத்துவமனைச் சேவை, மருத்துவரின் சேவை, மருத்துவமனையில் செய்தாக வேண்டிய சில பல் அறுவைச் சிகிச்சைகள். இவற்றுக்கு நோயாளியிடம் மாகாணம் கட்டணம் வசூலிக்க விட்டால், அதே தொகையை மத்திய அரசு தன் நிதி உதவியிலிருந்து கழித்துக்கொள்ளும். சட்டத்தின் பல் இதுதான், இன்றும் கூராக இருக்கிறது. ஆனால் அந்த வரையறை மருத்துவர் என்ற ஆளைப் பார்த்து எழுதப்பட்டது. செய்யப்படும் வேலையைப் பார்த்து எழுதப்படவில்லை. காது வலிக்கு மருத்துவர் மருந்து எழுதினால் காப்பீடு பேசும். அதே மருந்தை மருந்தாளுநர் எழுதினால் மத்தியச் சட்டம் வாய் திறக்காது. 1984இல் மருந்தாளுநர் மருந்து எழுதுவார் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாற்பது ஆண்டில் வேலை கைமாறியது, சட்டத்தின் சொற்கள் அங்கேயே நின்றன.

2025 ஜனவரி 10 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் மார்க் ஹாலண்ட் மாகாணங்களுக்கு அனுப்பிய விளக்கக் கடிதம் வெளியானது. மருத்துவர் செய்தால் காப்பீட்டில் வரக்கூடிய, மருத்துவ ரீதியில் தேவையான ஒரு சேவையைச் செவிலிய மருத்துவரோ மருந்தாளுநரோ மகப்பேற்றுத் தாதியோ சட்டப்படி செய்தால், அதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாளும் குறித்தது. மாகாணம் இதை மீறினால் பழைய கழிவு விதி இவற்றுக்கும் பொருந்தும். கடிதம் எந்த மாகாணத்தையும் மருந்தாளுநருக்குப் புதிய அதிகாரம் தரும்படி கட்டாயப்படுத்தவில்லை. எந்த முறையில் ஊதியம் தருவது என்பதையும் மாகாணத்திடமே விட்டது. அதிகாரம் தந்த இடத்தில் கட்டணம் நோயாளியின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது, அவ்வளவே. அந்த 'அவ்வளவே' பெரிய விஷயம். காப்பீடு இனி ஆளைத் தொடராமல் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற எண்ணம் மத்திய அரசின் கொள்கையாக எழுத்தில் வந்தது.

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோ. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதி. இட்லி மாவும் முருங்கைக்காயும் விற்கும் கடை வரிசைகளுக்கு நடுவே தமிழில் பெயர்ப் பலகை வைத்த மருந்துக்கடைகள் உண்டு. ஒன்டாரியோவில் மருந்தாளுநர்கள் 2012 முதல் சளிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுவந்தார்கள். சிறு நோய்களுக்கு மருந்து எழுதும் உரிமை 2023 ஜனவரி 1 அன்று 13 நோய்களோடு தொடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் 19 ஆனது. பட்டியலில் கண் சிவப்பு, மூக்கு ஒவ்வாமை, பூச்சிக் கடி, நெஞ்சு எரிச்சல், மூலம், மாதவிடாய் வலி, சுளுக்கு, குழந்தையின் டயப்பர் புண், கர்ப்பகால வாந்தி போன்றவை அடங்கும். உண்ணி கடித்தவருக்கு லைம் நோய் வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. மற்ற பல மாகாணங்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலையை நாட்டின் மிகப் பெரிய மாகாணம் தாமதமாகத் தொடங்கியது. ஆனால் தொடக்கத்திலிருந்தே கட்டணத்தை அரசு ஏற்றது. அந்த ஒரு முடிவால் முதல் ஆண்டிலேயே லட்சக்கணக்கானோர் இந்தக் கவுண்டரைப் பயன்படுத்தினார்கள்.

நடைமுறை இப்படி. "சலம் போகேக்க எரியுது, பிள்ளை" என்று கவுண்டரில் தாழ்ந்த குரலில் சொல்லும் நடுவயதுப் பெண்ணிடம் மருந்தாளுநர் மாகாண சுகாதார அட்டையைக் கேட்கிறார். பிறகு தனியறைக்கு அழைத்துப் போகிறார். காய்ச்சல் உண்டா, குளிர் நடுக்கமா, முதுகின் பக்கவாட்டில் வலியா, வாந்தியா? கர்ப்பமா? சர்க்கரை எப்படி இருக்கிறது? சிறுநீரகத்தில் கோளாறு உண்டா? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை இப்படி வந்தது? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குக் கவலைப்படும்படி பதில் வந்தால் மருந்து எழுதாமல் மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ அனுப்ப வேண்டும். சிக்கலில்லாத தொற்று என்று தெரிந்தால் நைட்ரோஃப்யூரன்டாயின் போன்ற மருந்து ஐந்து நாளுக்கு. உணவோடு சாப்பிட வேண்டும், சிறுநீரின் நிறம் மாறினால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் வர வேண்டும். பார்த்ததையும் எழுதியதையும் அவருடைய குடும்ப மருத்துவருக்கு அறிவிப்பது மருந்தாளுநரின் கடமை. தாய்மொழியில் கேட்கும் வாய்ப்பு இங்கே சும்மா வசதி இல்லை. 'எரிகிறது' என்பதற்கும் 'குத்துகிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொரு மொழியில் திக்கித் திணறிச் சொல்லும்போது நோய் அடையாளம் மாறிவிடும்.

இந்த ஆலோசனைக்கு மாகாணம் மருந்தாளுநருக்குத் தருவது நேரில் என்றால் 19 டாலர், தொலைபேசியிலோ காணொளியிலோ என்றால் 15 டாலர். மருந்து எழுதினாலும் தொகை அதேதான், மருந்தே வேண்டாம் என்று அனுப்பினாலும் அதேதான். சிறிய நுணுக்கமாகத் தோன்றும் இந்த விதியே திட்டத்தின் நேர்மையைக் காக்கிறது. மருந்து எழுதினால் மட்டும் கட்டணம் என்று வைத்தால் எழுதச் சொல்லும் உந்துதல் தானாக வந்துவிடும். மருந்து எழுதுபவரே அதை விற்பவராகவும் இருக்கிறார் என்பது மருத்துவர் சங்கங்களின் பழைய ஆட்சேபம். அதைக் கிழக்கிலும் மேற்கிலும் யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆன்டிபயாடிக் அதிகமாகப் புழங்கினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்ற பயமும் நியாயமானது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒரே தொகை, குடும்ப மருத்துவருக்கு அறிவிப்பு, கேள்விப் பட்டியல் ஆகிய மூன்றும் அந்த ஆட்சேபத்துக்குக் கொடுத்த பதில்கள். இவற்றாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மாத்திரைகளை மொத்தமாகச் சரிபார்க்கும் 'மெட்ஸ்செக்' என்ற இன்னொரு அரசுச் சேவை 2007 முதல் ஒன்டாரியோவில் உண்டு. சங்கிலிக் கடைகளில் வேலை செய்யும் மருந்தாளுநர்கள் சிலர், வாரத்துக்கு இத்தனை சரிபார்ப்பு என்று மேலிடம் இலக்கு வைத்து நெருக்குவதாகச் சொன்னது 2024இல் செய்தியானது. பொதுப் பணம் தலைக்கு இவ்வளவு என்று போகும் இடத்தில் தலைகளை எண்ணும் பழக்கம் வந்துவிடும். நோயாளிக்குத் தேவையா என்று முடிவு செய்யும் உரிமை மருந்தாளுநரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். அதை உறுதி செய்யாமல் காப்பீட்டை விரிப்பது அரைகுறை வேலை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மாகாணம் ஆலோசனைக்குப் பணம் கொடுக்கிறது. எழுதிய மருந்துக்கு எல்லோருக்கும் கொடுப்பதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள், தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்குட்பட்டவர்கள், அரசு உதவி பெறும் சிலர் ஆகியோருக்கு மாகாண மருந்துத் திட்டம் இருக்கிறது. நடுவயதில், மணிக்கூலிக்கு வேலை செய்து, முதலாளியின் காப்பீடும் இல்லாதவருக்கு மருந்தின் முழு விலையும் தன் தலையில். ஸ்கார்பரோவின் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்யும் பலரின் நிலை இது.

டொராண்டோவில் கிளம்பும் 'கனேடியன்' ரயில் 4,466 கிலோமீட்டர் ஓடி நான்கு இரவுகளுக்குப் பிறகு வான்கூவர் சேர்கிறது. ஒன்டாரியோவின் வடக்கே பாறை, ஏரி, ஊசியிலைக் காடு. பிறகு காடு விலகி சமவெளி விரியும் இடத்தில் வின்னிபெக். மானிடோபாவில் மருந்தாளுநருக்குச் சிறு நோய்களுக்கு மருந்து எழுதும் உரிமை 2014இல் வந்தது. அதைவிட இந்த நகரம் நினைவில் இருக்க வேண்டியது இன்னொரு காரணத்துக்காக. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு இங்கே காலில் எலும்பு அழற்சி. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தன் மாணவர்கள் பார்த்துக் கற்க அனுமதித்தால் கட்டணமில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்வதாக ஒரு மருத்துவர் முன்வந்தார். கால் பிழைத்தது. அப்பாவிடம் பணம் இருந்திருந்தால் இந்தத் தற்செயலே தேவைப்பட்டிருக்காது என்ற எண்ணம் அந்தப் பையனைவிட்டுப் போகவில்லை. டாமி டக்ளஸ் என்ற அந்தப் பையன் பின்னாளில் சஸ்காச்சுவானின் முதல்வரானார். 1947இல் அந்த மாகாணத்தில் மருத்துவமனைக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்.

அடுத்த நிறுத்தம் சஸ்கட்டூன். மருத்துவரின் சேவைக்கும் பொதுக் காப்பீடு என்ற சட்டம் சஸ்காச்சுவானில் 1962 ஜூலை 1 அன்று அமலானது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. டக்ளஸுக்குப் பின் முதல்வரான உட்ரோ லாயிட் பின்வாங்கவில்லை. சஸ்கட்டூன் உடன்பாட்டோடு சண்டை முடிந்து, சில ஆண்டுகளில் நாடு முழுதும் அந்த முறை பரவியது. இந்த ஊரின் பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'மெட்சாஸ்க்' என்ற மருந்துத் தகவல் மையம்தான் சஸ்காச்சுவான் மருந்தாளுநர்களுக்கான சிகிச்சை வழிகாட்டிகளை எழுதியது. 2012இல் சில தோல் நோய்களோடு தொடங்கிய பட்டியல் மெதுவாக நீண்டது. ஒரு ஆலோசனைக்கு மாகாணம் 18 டாலர் என்று வைத்தது. ஆரம்பத்திலேயே அரசு பணம் கொடுத்ததால் இங்கே பலனை அளந்து பார்க்கவும் முடிந்தது. சிகிச்சை பெற்ற 125 பேரை விசாரித்த ஆய்வில் 80.8 சதவீதத்தினர் நோய் நன்றாகக் குறைந்ததாகவோ முற்றிலும் தீர்ந்ததாகவோ சொன்னார்கள். இன்னொரு கணக்கீடு, நோயாளியின் நேரம், பயணம், வேலை இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 2014ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 5.47 லட்சம் டாலர் மிச்சம் என்றது. அரசின் கஜானாவை மட்டும் பார்த்தால் மிச்சம் சொற்பம். இது முக்கியமான வேறுபாடு. மருந்தாளுநர் சிகிச்சைக்குக் காப்பீடு கொடுப்பதால் அரசுக்குப் பெரிய லாபம் என்று விளம்பரம் செய்வது சரியில்லை. லாபம் பெரும்பாலும் விடுப்பெடுக்காமல் வேலைக்குப் போன தொழிலாளிக்கும், பனியில் அறுபது கிலோமீட்டர் கார் ஓட்டாமல் தப்பிய விவசாயிக்கும். அதற்காகவே அரசு செலவு செய்யலாம்.

எட்மன்டனில் சிறு நோய் என்ற எல்லையே கரைந்துபோகிறது. ஆல்பர்ட்டா 2007இல், கூடுதல் தகுதி பெற்ற மருந்தாளுநர் கிட்டத்தட்ட எந்த நோய்க்கும் தன் அறிவுக்கு உட்பட்டு மருந்து எழுதலாம் என்று அனுமதித்தது. ரத்தப் பரிசோதனைக்கும் அவர் எழுதலாம். இன்று மாகாணத்தின் மருந்தாளுநர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தத் தகுதி பெற்றவர்கள். 2012இல் அரசு இதற்கேற்ற கட்டணமும் வகுத்தது: பல நீண்டகால நோய்கள் உள்ளவருக்கு ஆண்டுச் சிகிச்சைத் திட்டம் எழுதினால் 100 டாலர், கூடுதல் தகுதி உள்ளவர் எழுதினால் 125 டாலர், தொடர்ந்து கவனிப்பதற்குத் தனிக் கட்டணம். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ராஸ் சுயூக்கி குழு நடத்திய இரண்டு ஆய்வுகள் இந்த ஏற்பாட்டின் நெஞ்சு. ஒன்றில் ரத்த அழுத்தம் அடங்காத 248 பேர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு 11.8 புள்ளி குறைந்தது. மருந்தாளுநரே மருந்தை எழுதி, மாற்றி, கவனித்தவர்களுக்கு 18.3 குறைந்தது. இன்னொன்றில் 56 மருந்துக்கடைகளில் 723 பேர். மூன்றே மாதத்தில் இதயநோய், பக்கவாத ஆபத்து மருந்தாளுநர் கவனித்த குழுவில் 21 சதவீதம் குறைவாக இருந்தது. சிறு நோய்க் காப்பீடு கொடுப்பது வரிசையைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் காப்பீடு கொடுப்பது ஆயுளைக் கூட்டும். மற்ற மாகாணங்கள் இன்னும் அஞ்சி நிற்பது இரண்டாவது வாசலில்தான். அதற்கு ஒரு முறை திட்டம் எழுதிக் கட்டணம் வாங்கினால் போதாது. மாதா மாதம் அழைத்து அளவு பார்க்கும் வேலைக்கும் அதே மதிப்பில் பணம் போக வேண்டும்.

ஜாஸ்பர் ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மறுநாள் ஃப்ரேசர் ஆற்றின் ஓரமாக இறங்கி வண்டி வான்கூவர் சேர்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 2023 ஜூன் 1 முதல் 21 சிறு நோய்களுக்கும் கருத்தடைக்கும் மருந்தாளுநர் மருந்து எழுதலாம் என்றது. ஒவ்வொரு ஆலோசனைக்கும் மாகாணம் 20 டாலர் தருகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஏப்ரல் 1 அன்று, அதே மாகாணம் கருத்தடை மாத்திரைகளையும் சாதனங்களையும் இலவசமாக்கியிருந்தது. ஒன்டாரியோவில் பார்த்த ஓட்டை இங்கே இந்த ஒரு சேவையில் அடைபட்டது. பதினெட்டு வயதுப் பெண் மருந்துக்கடைக்குள் போய், தனியறையில் பேசி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, மாத்திரையோடு வெளியே வரலாம். ஆலோசனைக்கும் செலவில்லை, மருந்துக்கும் செலவில்லை. நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் நிறைவேற்றிய மத்திய மருந்துக் காப்பீட்டுச் சட்டம் இந்த வழியைத் தொடர்ந்து, முதற்கட்டமாகக் கருத்தடை மருந்துகளையும் சர்க்கரை நோய் மருந்துகளையும் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியா, மானிடோபா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூகான் ஆகியவை அதற்கான ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்திட்டன. ஒன்டாரியோவும் கியூபெக்கும் ஆல்பர்ட்டாவும் அந்த முதல் வரிசையில் இல்லை.